நெஞ்சு நீரில் கிருமி இல்லை, ஆனாலும் டி.பி.: ஏ.டி.ஏ. எண் என்ன சொல்கிறது?

ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் ஏகாம்பரகுப்பத்தில் என் தாய்மாமன் பவர்லூம் ஓட்டுகிறார். போன ஆடி மாதம் அவருக்கு வலது விலாவில் குத்து ஆரம்பித்தது. மூச்சை இழுத்தால் குத்தும், இருமினால் குத்தும். நாள் முழுக்கத் தறியில் குனிந்து நிமிர்கிற ஆள், சுளுக்காக இருக்கும் என்றார்கள் எல்லோரும். எங்கள் பக்கம் சுளுக்கு, எலும்பு என்றால் புத்தூர்தான். அங்கே தொட்டுப் பார்த்த பெரியவர், "எலும்புல ஒண்ணும் இல்ல, எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க" என்று கட்டுப் போடாமலே திருப்பி அனுப்பினார். அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளைவெளேர் என்று இருந்தது. டாக்டர் தெலுங்கில் "ஊபிரிதித்துல்லோ நீரு" என்றார். மாமா வீட்டுக்கு வந்து, "நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சாம்" என்றார்.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு முக்கால் லிட்டர் நீர் எடுத்தார்கள். அதில் டி.பி. கிருமி இருக்கிறதா என்று, கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற ஸ்மியர் மட்டும் பார்த்தார்கள். இல்லை என்று வந்ததும் மிச்ச நீரைக் கொட்டிவிட்டு, நிமோனியா என்று மூன்று வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சாயங்காலக் காய்ச்சல் போகவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு ஆள் இளைத்துவிட்டார். அப்புறம்தான் நான் திருத்தணிக்கு அழைத்து வந்தேன். நான் இங்கே ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். இரண்டாம் முறை எடுத்த நீர் என் மேஜைக்கே வந்தது. ஸ்மியர் நெகட்டிவ், கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட்டும் நெகட்டிவ். ஆனால் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு 68, செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறு லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு. நெஞ்சுநோய் டாக்டர் அவரை உட்கார வைத்துப் பேசி, டி.பி. மாத்திரையை ஆரம்பித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா கேட்டார்: "ரெண்டு தடவை கிருமி இல்லன்னு வந்திருக்கு. அப்புறம் எதுக்கு மாப்ள ஆறு மாசம் மாத்திரை?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியை லேப் வாசலில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். நின்றபடியே இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது போதாது என்று மாமா கேட்டபோதுதான் உறைத்தது.

நுரையீரலை இரண்டு மெல்லிய உறைகள் மூடியிருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலாவின் உட்பக்கச் சுவரோடு ஒட்டியது. நடுவில் இரண்டு மூன்று தேக்கரண்டி நீர்தான் இருக்கும். மூச்சு விடும்போது உறைகள் உரசாமல் வழுக்கிப் போக அது போதும். டி.பி. கிருமி நுரையீரலின் ஓரத்தில் சின்னதாக ஒரு புண் வைத்து, அது இந்த இடைவெளிக்குள் உடைந்தால், உள்ளே போகிற கிருமிகள் கொஞ்சம்தான். ஆனால் அவற்றின் புரதத் துணுக்குகளை உடம்பின் லிம்ஃபோசைட்டுகள் ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கும். கண்டதும் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். அவை விடும் ரசாயனங்களால் ரத்தக் குழாய்கள் கசிகின்றன, புரதம் நிறைந்த நீர் இறங்குகிறது, வடிந்து போகும் வழியும் வீங்கி அடைபடுகிறது. இப்படித்தான் இரண்டு தேக்கரண்டி இருந்த இடத்தில் லிட்டர் கணக்கில் நீர் சேர்கிறது.

மாமாவுக்கு நான் சொன்ன உதாரணம், டி.பி. கிருமி உடம்புக்குப் பழக்கமா என்று பார்க்கப் போடுகிற மான்டோ ஊசி. முன்கையில் போட்ட இடம் இரண்டு நாளில் தடித்துச் சிவக்கிறதே, அந்த ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி ஒன்றுகூடக் கிடையாது. கிருமியின் புரதத்தைப் பார்த்தே உடம்பு அவ்வளவு வீக்கம் காட்டுகிறது. அதே எதிர்வினைதான் நெஞ்சுக்குள் பெரிய அளவில் நடக்கிறது. நீர் எவ்வளவு என்பதற்கும் கிருமி எத்தனை என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

ஸ்மியரில் கண்ணுக்குத் தெரிய ஒரு மில்லியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகள் வேண்டும். நுரையீரல் உறை நீரில் அவ்வளவு இருப்பது அபூர்வம். பத்து நோயாளிகளில் ஒருவருக்குக்கூட ஸ்மியர் பாசிட்டிவ் வராது. கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் வைத்தால் கொஞ்சம் கூடும், ஆனால் அதிலும் பாதிக்கு மேல் நழுவிவிடும், முடிவுக்கு ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும். சளியில் அற்புதமாக வேலை செய்கிற சிபிநாட்கூட இந்த நீரில் தடுமாறுகிறது. கல்ச்சரில் கிருமி வளர்ந்தவர்களிலேயே ஏறத்தாழ பாதிப் பேரைத்தான் பழைய சிபிநாட் பிடிக்கிறது. புதிய அல்ட்ரா வகை இதைவிட மேல், ஆனாலும் அதில் நெகட்டிவ் வந்ததை வைத்து டி.பி. இல்லை என்று யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் தேடலை அங்கே நிறுத்தக் கூடாது.

அதனால்தான் கிருமியைத் தேடுவதோடு, கிருமியைப் பார்த்த உடம்பு அங்கே விட்டுவைத்த தடயத்தையும் தேடுகிறார்கள்.

அந்தத் தடயங்களில் எங்கள் மாதிரி சின்ன ஊர் லேப் வரை வந்து சேர்ந்தது ஏ.டி.ஏ. முழுப் பெயர் அடினோசின் டீஅமினேஸ். அடினோசின் என்ற பொருளை இனோசினாக மாற்றுகிற நொதி அது. அந்த மாற்றத்தின்போது அம்மோனியா வெளியே வரும். லிம்ஃபோசைட்டுகளுக்கு இந்த நொதி எவ்வளவு முக்கியம் என்று முதலில் காட்டியது டி.பி. அல்ல, குழந்தைகள். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத சில குழந்தைகளின் ரத்தத்தில் இந்த நொதி அறவே இல்லை என்று 1972ல் கண்டுபிடித்தார்கள். அது இல்லாவிட்டால் லிம்ஃபோசைட்டுகள் பிழைப்பதே இல்லை. அப்படியானால் அவை கூட்டமாகச் சேர்ந்து பெருகும் இடத்தில் இது ஏற வேண்டும் அல்லவா? 1978ல் இத்தாலிய மருத்துவர்கள் நுரையீரல் உறை நீரில் அளந்து பார்த்து, டி.பி. நோயாளிகளின் நீரில் இது தெளிவாக உயர்ந்திருப்பதை எழுதினார்கள். அன்று முதல் இன்று வரை, விலை மலிவான, நம்பத்தக்க துணையாக அது நிற்கிறது.

சோதனை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். டியூப்பில் வருகிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் லேசாகப் பளபளக்கும். டி.பி. நீரில் புரதம் அதிகம் என்பதால் கொஞ்ச நேரம் வைத்தாலே அடியில் சிலந்தி வலை மாதிரி ஒன்று திரளும். அதைச் சுழற்றித் தெளிய வைத்து, தெளிந்த நீரில் துளி எடுத்து அடினோசின் கரைசலோடு கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்போம். நீரில் நொதி இருந்தால் அது அடினோசினை உடைத்து அம்மோனியாவை விடும். பிறகு ஃபீனாலும் ஹைபோகுளோரைட்டும் சேர்த்தால், அம்மோனியாவின் அளவுக்கு ஏற்ப டியூப் நீலமாகும். மாமாவின் டியூப், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற எங்கள் ஸ்டாண்டர்டு டியூப்புக்குப் பக்கத்தில் இருந்தபோது, கருவி படிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவு அடர்ந்த நீலம். இப்போது வேறு முறையில் இயங்கும் கிட்டுகளும் வந்துவிட்டன. எதில் பார்த்தாலும் அளப்பது அதே நொதியின் வேலையைத்தான்.

வழக்கமாக வைக்கிற எல்லைக்கோடு லிட்டருக்கு 40 யூனிட். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், டி.பி. உள்ள நூறு பேரில் சுமார் 92 பேருக்கு இது கோட்டைத் தாண்டுகிறது, டி.பி. இல்லாத நூறு பேரில் சுமார் 90 பேருக்குத் தாண்டுவதில்லை. நல்ல எண்கள்தான். ஆனால் இவற்றை அப்படியே ஒரு ஆளின் மேல் வைக்கக் கூடாது. என் தொழிலில் இருப்பவர்களே அடிக்கடி தவறவிடுகிற இடம் இது.

கணக்காகவே பார்ப்போம். நெஞ்சில் நீர் கோத்து வருகிற நூறு பேரில் எழுபது பேருக்கு டி.பி.தான் காரணம் என்று வையுங்கள். இளவயதுக்காரர்கள், காய்ச்சல், லிம்ஃபோசைட் நிறைந்த நீர் என்றால் நம் பக்கம் அப்படி இருக்க வாய்ப்புண்டு. அந்த எழுபதில் 64 பேருக்கு ஏ.டி.ஏ. கோட்டைத் தாண்டும். மற்ற முப்பதில் மூன்று பேருக்குத் தாண்டும். ஆக, தாண்டிய 67 பேரில் 64 பேருக்கு உண்மையிலேயே டி.பி. சரி, இப்போது டி.பி. அபூர்வமான ஓர் ஊரில், நூறில் ஐந்து பேருக்குத்தான் அது என்று வையுங்கள். அந்த ஐந்து பேரும் தாண்டுவார்கள் என்றே எடுத்துக்கொண்டாலும், மற்ற 95 பேரில் ஒன்பது பத்துப் பேரும் தாண்டுவார்கள். அங்கே அதே 40க்கு மேற்பட்ட எண் மூன்றில் இரண்டு முறை தப்பாகப் போகும். கிட் அதேதான், நீலமும் அதேதான். மாறியது கேள்வி கேட்கப்பட்ட ஊர்.

ஊர் மட்டுமில்லை, ஆளும் மாறலாம். 68 என்ற எண்ணை என் மாமாவிடம் பார்த்தபோது அது டி.பி. பக்கம் சாய்ந்தது. காரணம், கூடவே ஒரு மாதக் காய்ச்சல், எடை இறக்கம், லிம்ஃபோசைட் 90 சதவீதம், தெளிந்த வைக்கோல் நிற நீர். அதே 68 கலங்கிச் சீழாக வந்த நீரில் இருந்தால், நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணு நிறைந்திருந்தால், அது சாதாரண பாக்டீரியா சீழ்க்கட்டாகவே இருக்கலாம். சீழில் ஏ.டி.ஏ. தாராளமாக ஏறும். 250க்கு மேல் போனால் டி.பி.யைவிடச் சீழையும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றையும் முதலில் யோசிக்கச் சொல்கிறார்கள். முடக்குவாத நோயாளிகளின் நெஞ்சு நீரிலும் ஏறும். இந்த நொதியிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று பெரும்பாலான செல்களில் இருப்பது, இன்னொன்று கிருமிகளை விழுங்குகிற மானோசைட், மேக்ரோஃபேஜ் வகைச் செல்களிலிருந்து வருவது. டி.பி.யில் ஏறுவது பெரும்பாலும் இரண்டாவது. ஆனால் நம் லேப்களில் பார்ப்பது மொத்த அளவை மட்டுமே. அதனால்தான் செல் எண்ணிக்கை இல்லாத ஏ.டி.ஏ. ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

ஒரு விஷயம் நோயாளி வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி குத்தும்போது ரத்தம் கலந்து, சிவப்பணு உடைந்த நீர் வந்தால் எண் பொய்யாக ஏறும். லேபிலிருந்து "சாம்பிள் ஹீமோலைஸ்டு, மறுபடி வேண்டும்" என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் நன்மைக்குத்தான்.

எதிர்ப்பக்கத்திலும் ஏமாறலாம். நோய் தொடங்கிய முதல் நாட்களில் எண் ஏறாமல் இருக்கும். வயதானவர்களுக்கு, எழுபதைத் தாண்டியவர்களுக்கு, டி.பி. இருந்தும் 40க்குக் கீழே நிற்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை வேலை செய்யாது என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் எச்.ஐ.வி. தாக்குகிற சி.டி.4 என்ற லிம்ஃபோசைட்டுகள் குறைந்தவர்களிடமும் பெரும்பாலும் எண் ஏறவே செய்கிறது. 38 வந்துவிட்டது, நார்மல் என்று காகிதத்தில் அச்சடித்திருக்கிறது என்பதற்காக, காய்ச்சலோடு இளைத்துக்கொண்டே போகிற ஒருவரை விட்டுவிடுவது பெரிய தப்பு. 38க்கும் 42க்கும் நடுவில் ஒரு சுவர் இல்லை.

இந்த எண்ணைப் பார்க்கும் முன்பே டாக்டர் இன்னொன்றைப் பார்த்திருப்பார்: நீர் எந்த வகை என்று. இருதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறில் கசிகிற மெல்லிய நீரா, அழற்சியால் வருகிற புரதம் நிறைந்த நீரா? அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லைட் 1972ல் வகுத்த அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் உள்ளது. நீரிலுள்ள புரதம் ரத்தத்திலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தாலோ, எல்.டி.எச். என்ற நொதி ரத்தத்தில் இருப்பதில் 0.6 பங்குக்கு மேல் நீரில் இருந்தாலோ, நீரின் எல்.டி.எச். ரத்தத்துக்கான மேல் எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலோ அது அழற்சி நீர். இந்தக் கணக்குக்கு அதே நாளில் ரத்தமும் எடுத்திருக்க வேண்டும். பல இடங்களில் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஏ.டி.ஏ. தவிர மற்ற தடயங்களும் உண்டு. லிம்ஃபோசைட்டுகள் மேக்ரோஃபேஜை உசுப்புவதற்கு விடுகிற இன்டர்ஃபெரான் காமா அவற்றில் முக்கியமானது. நீரிலேயே நேராக அளந்தால், டி.பி. இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் அது ஏ.டி.ஏ.வைவிட ஒரு படி மேல். அந்த லிம்ஃபோசைட்டுகளை இந்தப் பாதையில் தூண்டிவிடுகிற இன்டர்லூகின் 27 என்பதும் பல ஆய்வுகளில் அருமையாக வேலை செய்திருக்கிறது. அப்படியானால் ஏன் நம் ஊரில் இவை இல்லை? எலைசா கருவி, விலையுயர்ந்த கிட், ஒரே நேரத்தில் பல சாம்பிள்கள் சேர்த்து ஓட்ட வேண்டிய கட்டாயம். அதைவிடப் பெரிய சிக்கல், எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே எல்லைக்கோடு இல்லாதது. ஒரு கம்பெனி கிட்டில் பாசிட்டிவ் ஆன நீர் இன்னொன்றில் நெகட்டிவ் ஆகலாம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இன்டர்ஃபெரான் காமாவை விரைவாக அளக்கும் ஒரு சோதனையை இதற்காகவே உருவாக்கினார்கள். அது மாதிரி ஒன்று மலிவாகி, திருத்தணி வரைக்கும் வந்தால் நான் முதலில் சந்தோஷப்படுவேன். அது வரைக்கும் லிம்ஃபோசைட் எண்ணிக்கையோடு சேர்த்துப் படித்த ஏ.டி.ஏ. நம் ஊருக்கு நியாயமான தேர்வு என்பது என் எண்ணம்.

இன்டர்ஃபெரான் காமா என்றதும் "டி.பி. கோல்டு" ரத்தப் பரிசோதனை பலருக்கு நினைவு வரும். பெயரில் கோல்டு இருப்பதால், காசும் அதிகம் என்பதால், கடைசித் தீர்ப்பு அதுதான் என்று நினைக்கிறார்கள். அது அளப்பது வேறு. ரத்தத்திலுள்ள லிம்ஃபோசைட்டுகளுக்கு டி.பி. புரதத்தைக் காட்டி, ஏற்கெனவே பழக்கமா என்று கேட்கிற சோதனை அது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய டி.பி. கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்கு இந்த வகைச் சோதனை பாசிட்டிவ் வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் கிடையாது, என்றோ கிருமி நுழைந்து உறங்குகிறது, அவ்வளவுதான். ஆகவே நெஞ்சு நீருக்கு டி.பி.தான் காரணமா என்ற கேள்விக்கு அந்த ரத்தச் சோதனை பதில் சொல்லாது. நெஞ்சு நீரை வைத்தே அதைச் செய்து பார்த்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. சண்டை நடக்கும் இடத்திலேயே, தூண்டாமல், தானாகச் சுரந்திருப்பதை அளப்பதுதான் பயன் தருகிறது. இன்னொன்று, ரத்தத்தில் டி.பி. ஆன்டிபாடி பார்க்கிற பழைய சோதனைகள். அவை தப்பும் தவறுமாக முடிவு சொன்னதால் மத்திய அரசு 2012லேயே தடை செய்துவிட்டது. யாராவது அந்த ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. டி.பி. சோதனையை எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஏ.டி.ஏ. சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிருமியைப் பிடிக்காத சோதனை, அந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லாது. டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமியா என்று தெரிய, கிருமியோ அதன் மரபணுவோ கையில் வேண்டும். அதனால்தான் ஏ.டி.ஏ. உயர்ந்தாலும் நீரைச் சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்கிறார்கள். இருமல் இல்லாவிட்டாலும் சளியையும் பார்க்கச் சொல்கிறார்கள். எக்ஸ்ரேயில் நீர் மட்டும் தெரிகிற சிலருக்குச் சளியில் கிருமி கிடைக்கிறது. சந்தேகம் தீராதபோது, உறையிலிருந்தே ஏப்ரம்ஸ் ஊசியாலோ சின்னக் குழாய்க் கேமரா வழியாகவோ ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். கிரானுலோமா என்ற முடிச்சு தெரிந்து, அந்தத் துணுக்கில் கல்ச்சரும் வைத்தால் பெரும்பாலான டி.பி. பிடிபட்டுவிடும். வயதானவர், புகைப்பவர், நீர் ரத்தச் சிவப்பாக வருகிறது என்றால் துணுக்கு எடுப்பதைத் தள்ளிப் போடக் கூடாது. அங்கே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம்.

மாமாவுக்கு முதலில் கொடுத்த மூன்று வார மருந்தைப் பற்றி இன்னும் வருத்தம் இருக்கிறது. அந்தச் சீட்டில் லெவோஃப்ளாக்சசின் இருந்தது. அந்த வகை மருந்து டி.பி. கிருமியையும் கொஞ்சம் தட்டும். காய்ச்சல் தற்காலிகமாக இறங்கும், கிருமி கிடைப்பது இன்னும் கஷ்டமாகும், நோய் மட்டும் உள்ளே இருக்கும். அதைவிட மனசு கேட்காதது கொட்டிவிட்ட முக்கால் லிட்டர். அதில் ஐந்து மில்லி லேபுக்கு வந்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். ஒரு மனிதரின் விலாவில் ஊசி ஏற்றி எடுத்த நீரை அவ்வளவு அலட்சியமாகக் கொட்டலாமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. டி.பி.யால் வந்த நெஞ்சு நீர், மருந்தே கொடுக்காவிட்டாலும் பலருக்கு இரண்டு முதல் நான்கு மாதத்தில் தானாக வற்றிவிடும். காய்ச்சலும் போய்விடும். குணமாகிவிட்டது என்று தோன்றும். மருந்துகள் வராத காலத்தில் அப்படி வற்றிப் போன அமெரிக்க ராணுவ வீரர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1955ல் எழுதினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பிற்பாடு டி.பி. வெளிப்பட்டது. மாமாவின் "எதுக்கு ஆறு மாசம்" என்ற கேள்விக்கு இதுதான் நேரான பதில். நீரை வற்ற வைப்பதற்கு இந்த மாத்திரை தேவையில்லை, நாளைக்கு நுரையீரலில் வரப் போவதைத் தடுக்கத் தேவை.

டி.பி. என்ற சொல்லைக் கேட்டு அத்தைதான் ரொம்பக் கலங்கிவிட்டார். எங்கள் பக்கம் பாட்டி காலத்தில் டி.பி. என்றால் மதனப்பள்ளி ஆரோக்கியவரம் டி.பி. ஆஸ்பத்திரிதான். போனவர் எப்போது வருவார் என்று தெரியாது. தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார் அத்தை. சளியில் கிருமி இல்லை, நெஞ்சு நீரில் மட்டும் இருக்கிற நோய் இருமலில் பரவாது, தட்டைத் தனியாக வைக்க வேண்டாம் என்று டாக்டரே போனில் சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்த்தார்கள், இரண்டும் இல்லை. அரசின் டி.பி. நோயாளிப் பதிவான நிக்ஷயில் தமிழ்நாட்டில் போட்டதை நகரிப் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள், மாத்திரைக்காக எல்லை தாண்டி வர வேண்டியதில்லை. சத்துணவுக்கான மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறியது. மூன்றாவது வாரம் காய்ச்சல் நின்றது. இரண்டாம் மாத எக்ஸ்ரேயில் நீர் முக்கால்வாசி போயிருந்தது. "ஏ.டி.ஏ. திரும்ப எடுக்கலாமா மாப்ள, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாக்கலாம்" என்று கேட்டார் மாமா. வேண்டாம் மாமா, அதற்காக மறுபடி ஊசி குத்த மாட்டார்கள், எடையும் காய்ச்சலும் எக்ஸ்ரேயும் போதும் என்றேன். தை கடைசியில் மாத்திரை முடிந்தபோது ஆறு கிலோ ஏறியிருந்தார். கடைசி எக்ஸ்ரேயில் வலது கீழ் மூலை மட்டும் இடது பக்கம் மாதிரிக் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருந்தது. உறை தடித்து ஒட்டிய தழும்பு அது, நீர் இல்லை என்றார் டாக்டர். ஆழமாக மூச்சு இழுத்தால் அந்த இடத்தில் லேசாகப் பிடிக்கிறது என்கிறார் மாமா. தறியை மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.